வெரிலாக்கிலிருந்து ஜிடிஎஸ் வரை: திறந்த மூலக் கருவிகளில் ஒரு யூஆர்ட் சிப், முழுமையான வழிகாட்டி

ஒரே கட்டளையில் வெரிலாக் கோப்பை (சுற்றை விவரிக்கும் நிரல்) கொடுத்துவிட்டு, காபி குடித்து வருவதற்குள் சிப்பின் லேயவுட்டை (ஃபவுண்டரிக்கு ஜிடிஎஸ் கோப்பாகப் போகும் வரைபடம்) வாங்கிவிடலாம். சிறிய டிசைன்களுக்கு இன்று இது உண்மைதான். 2018இல் அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான தார்ப்பாவின் நிதியில், சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ காங் தலைமையில் தொடங்கிய ஓப்பன்ரோடு திட்டம், மனிதக் கை படாமல் 24 மணி நேரத்தில் லேயவுட் என்பதையே இலக்காக வைத்தது. ஆனால் கருவி லேயவுட் தந்துவிட்டால் அது சிலிக்கானில் ஓடும் என்று ஆகிவிடாது. கிளாக் கட்டுப்பாட்டைத் தவறாகக் கொடுத்தாலும் கருவி மறுபேச்சில்லாமல் லேயவுட் போட்டுக் கொடுக்கும்.

இந்த வேலையில் பிழை தலைகாட்டும் இடம் ஒன்று, பிறந்த இடம் வேறொன்று. ரௌட்டிங்கில் (கம்பிகளை இழுக்கும் படி) தெரியும் நெரிசல் ஃப்ளோர்பிளானில் (கோரின் அளவையும் பின்களின் இடத்தையும் வகுக்கும் படி) பிறந்திருக்கும். நூற்றுக்கணக்கான ஹோல்ட் பஃபர்கள் (தரவைத் தாமதப்படுத்தச் செருகும் செல்கள்) கட்டுப்பாட்டுக் கோப்பின் ஒரு வரியால் வந்திருக்கும். அதனால் ஒவ்வொரு படியிலும் செய்ய வேண்டியதோடு, அங்கே பிழை வந்தால் எந்தப் படிக்குத் திரும்பிப் போவது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

எதை வடிவமைக்கிறோம்

எடுத்துக்காட்டாக ஒரு யூஆர்ட், அதாவது பைட்டுகளைப் பிட் பிட்டாக அனுப்பி வாங்கும் சுற்று. 50 மெகாஹெர்ட்ஸ் கிளாக், 115200 பாட் (நொடிக்கு இத்தனை பிட்) வேகம், வாங்கும் பக்கத்தில் 16 பைட் ஃபிஃபோ (முதலில் வந்தது முதலில் போகும் நினைவு வரிசை). ஃபவுண்டரி தொழில்நுட்பம் ஸ்கைவாட்டரின் 130 நானோமீட்டர் ப்ராசஸ், ஸ்கை130. இதன் பிடிகே (அந்த ப்ராசஸில் வடிவமைக்கத் தேவையான விதிகளும் செல் நூலகங்களும்) 2020இல் கூகுளும் ஸ்கைவாட்டரும் சேர்ந்து திறந்த உரிமத்தில் வெளியிட்டது. கோர் மின்னழுத்தம் 1.8 வோல்ட். ஐந்து மெட்டல் அடுக்குகள், அவற்றுக்குக் கீழே உள்ளிணைப்புக்கென ஒரு டைட்டானியம் நைட்ரைடு அடுக்கு.

ஏன் யூஆர்ட்? ஷிஃப்ட் ரெஜிஸ்டர், வெளியிலிருந்து வரும் ஒத்திசைவற்ற சிக்னல், ஃபிஃபோவின் பெரிய மக்ஸ் (பலவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சுற்று), ரீசெட் என்று பிஸிக்கல் டிசைனில் தொல்லை தரும் பொருள்கள் எல்லாம் இந்தச் சின்ன டிசைனுக்குள்ளேயே இருக்கின்றன.

படி 1: கருவிகளை நிறுவுதல்

தேவையானவை ஒரு லினக்ஸ் அல்லது மேக் கணினி, அல்லது விண்டோஸில் டபிள்யூஎஸ்எல்2. இந்த அளவு டிசைனுக்கு 8 ஜிபி ரேம் போதும், 16 இருந்தால் நிம்மதி. லிப்ரலேன் என்ற ஓட்டத்தை நிறுவுங்கள். எஃபேப்லெஸ் நிறுவனம் உருவாக்கிய ஓப்பன்லேனின் தொடர்ச்சி இது. அந்த நிறுவனம் 2025 மார்ச்சில் மூடப்பட்ட பிறகு ஃபாஸி அறக்கட்டளையின் கீழ் வளர்கிறது. பழைய வீடியோக்களில் ஓப்பன்லேனின் முதல் பதிப்பைப் பார்த்துப் பழகியவர்கள் கவனிக்கவும்: பல மாறிகளின் பெயர்கள் மாறியிருக்கின்றன. பழைய கான்ஃபிக் கோப்பை அப்படியே ஒட்டினால், தெரியாத மாறி என்ற எச்சரிக்கையை மட்டும் காட்டிவிட்டு இயல்பு மதிப்போடு ஓடிவிடும் ஆபத்து உண்டு.

லிப்ரலேன் ஒரு மேய்ப்பன்தான். உள்ளே உழைப்பவை வேறு கருவிகள். சிந்தசிஸுக்கு (வெரிலாக்கைக் கேட்டுகளாக மாற்றுவது) யோசிஸும் அதனுள்ளே பெர்க்லியின் ஏபிசியும், பிளேஸ்மென்ட் (செல்களை இடத்தில் வைப்பது) முதல் ரௌட்டிங் வரை ஓப்பன்ரோடு, டைமிங்குக்கு ஓப்பன்எஸ்டிஏ, லேயவுட் சரிபார்ப்புக்கு மேஜிக், கேலேயவுட், நெட்ஜென். பிழைச் செய்தி வந்தால் அது எந்தக் கருவியின் குரல் என்று முதலில் பாருங்கள், பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். நிக்ஸ் அல்லது டாக்கர் வழியாக நிறுவினால் எல்லாக் கருவிகளும் பொருந்தும் பதிப்புகளில் வரும். தனித்தனியாகத் தொகுத்து நிறுவ முயல வேண்டாம். பதிப்புப் பொருத்தமின்மையிலேயே ஒரு வாரம் ஓடிவிடும்.

படி 2: ஆர்டிஎல் (வெரிலாக் நிரல்) எழுதும்போதே லேயவுட்டை நினைப்பது

50 மெகாஹெர்ட்ஸை 115200 ஆல் வகுத்தால் 434.03. ஆக ஒரு பிட்டுக்கு 434 கிளாக் சுழற்சிகள், கவுண்டர் 0 முதல் 433 வரை, அகலம் 9 பிட். வாங்கும் பக்கம் ஸ்டார்ட் பிட்டின் விளிம்பைக் கண்டதும் 217 சுழற்சி காத்திருந்து பிட்டின் நடுவில் நின்று, அங்கிருந்து 434க்கு ஒரு முறை மாதிரி எடுக்க வேண்டும். இங்கே எல்லோரும் செய்யும் பிழை 434 வரை எண்ணுவது. அப்போது பிட் நீளம் 435 ஆகிறது, 0.22% பிசகு. பத்து பிட்டுகளில் இது பெரிதாகச் சேராது என்பதால் பிழை வெளியே தெரியாது. அனுப்பும் பக்கத்தின் கவுண்டரையே டெஸ்ட்பெஞ்சிலும் (டிசைனைச் சோதிக்கும் நிரல்) பயன்படுத்தினால் நிச்சயம் தெரியாது. டெஸ்ட்பெஞ்ச் தன் சொந்த நேரக் கணக்கில், ஒரு பிட்டுக்கு 8680.56 நானோ நொடி என்று, தனியாக ஓட வேண்டும்.

ஃபிஃபோவின் எழுதும், படிக்கும் பாயிண்டர்களுக்கு நான்கு பிட் போதாது, ஐந்து வேண்டும். மேல் பிட் ஒன்று இருந்தால்தான் நிரம்பியதையும் காலியானதையும் பிரித்தறிய முடியும்.

வெளியிலிருந்து வரும் ஆர்எக்ஸ் (வாங்கும்) சிக்னலை இரண்டு ஃப்ளாப்புகள் (கிளாக் விளிம்பில் ஒரு பிட்டைப் பிடித்துவைப்பவை) வழியே ஒத்திசைத்த பிறகே எந்த லாஜிக்கும் தொட வேண்டும். ரீசெட்டுக்கும் அப்படியே: போடும்போது கிளாக்குக்குக் காத்திராமல் உடனே போடலாம், விடும்போது இரண்டு ஃப்ளாப் சங்கிலி வழியாகக் கிளாக்கோடு ஒத்து விட வேண்டும். இல்லையென்றால் சில ஃப்ளாப்புகள் ஒரு சுழற்சியிலும் மற்றவை அடுத்ததிலும் விழித்தெழும். சிமுலேஷனில் இது வரவே வராது.

ஃபிஃபோவின் 128 நினைவு பிட்டுகளுக்கு ரீசெட் வைக்காதீர்கள். பாயிண்டர்கள் ரீசெட் ஆனாலே போதும், எழுதாத இடத்தை யாரும் படிக்கப்போவதில்லை. இதன் மிச்சம் எவ்வளவு என்பது அடுத்த படியில் தெரியும்.

எழுதி முடித்ததும் வெரிலேட்டர் என்ற கருவியை லின்ட் (சிமுலேஷன் இல்லாமல் குறை தேடும்) முறையில் ஓட்டுங்கள். அகலப் பொருத்தமின்மை, பயன்படாத சிக்னல் என்ற எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்துவிட்டு நகருங்கள்.

படி 3: ஓட்டத்துக்கு முன்பே பரப்பளவுக் கணக்கு

பலரும் தாண்டிப்போகும் படி இது. கருவி சொல்லும் பரப்பு சரியா என்று அறிய, கையில் ஒரு மதிப்பீடு வேண்டும்.

ஸ்கை130இன் உயரடர்த்தி நூலகத்தில் ஒவ்வொரு செல்லின் உயரமும் 2.72 மைக்ரான், அகலம் 0.46 மைக்ரானின் மடங்கு. மிகச் சிறிய நேண்ட் கேட் 3.75 சதுர மைக்ரான். ரீசெட் இல்லாத சாதா டி ஃப்ளாப் 20.02, ரீசெட் உள்ளது 25.02. இரண்டு வழி மக்ஸ் 11.26, நான்கு வழி மக்ஸ் 22.52.

ஃபிஃபோ நினைவுக்கு 128 சாதா ஃப்ளாப், சுமார் 2560. ஒவ்வொன்றும் பழைய மதிப்பைத் தக்கவைக்க ஒரு மக்ஸ், சுமார் 1440. 16 இடங்களிலிருந்து ஒன்றைப் படிக்க ஒரு பிட்டுக்கு ஐந்து நான்கு-வழி மக்ஸ், எட்டு பிட்டுக்கு 40, சுமார் 900. பாயிண்டர், கவுண்டர், ஷிஃப்ட் ரெஜிஸ்டர், ஒத்திசைப்பு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 60 ரீசெட் ஃப்ளாப், சுமார் 1500. இதுவரை 6400. கூட்டல், ஒப்பீடு, முகவரி டிகோடிங்குக்கு ஆயிரத்துச் சொச்சம் வைத்தால் மொத்தம் 7500 சதுர மைக்ரான் அளவில் நிற்கும்.

நினைவு பிட்டுகளுக்கும் ரீசெட் வைத்திருந்தால் பிட்டுக்கு 5 வீதம் 640 சதுர மைக்ரான் கூடியிருக்கும், ரீசெட் கம்பியின் சுமை 60இலிருந்து 188 ஃப்ளாப்பாக ஏறியிருக்கும். ஒரு வரிக் கோடிங் பழக்கத்தின் விலை இது.

செல்கள் கோரில் 45% இடத்தை நிரப்புவதாக வைத்தால், 7500ஐ 0.45ஆல் வகுக்க 16,700 சதுர மைக்ரான். அதாவது பக்கத்துக்கு 129 மைக்ரான் உள்ள சதுரம், உள்ளே 47 செல் வரிசைகள். சிந்தசிஸ் அறிக்கை 7000க்கும் 8500க்கும் இடையில் வந்தால் தொடருங்கள். 3000 என்று வந்தால் மகிழாதீர்கள். எங்கோ ஒரு வெளியீடு இணைக்கப்படாமல் கிடக்கிறது, யோசிஸ் பாதி டிசைனைத் தேவையற்றது என்று வெட்டிவிட்டிருக்கிறது.

படி 4: கான்ஃபிக் கோப்பும் கட்டுப்பாட்டுக் கோப்பும்

கான்ஃபிக் கோப்பில் கட்டாயமானவை நான்கே: டாப் மாட்யூலின் பெயர், வெரிலாக் கோப்புகளின் பட்டியல், கிளாக் போர்ட்டின் பெயர், கிளாக் பீரியட் 20 நானோ நொடி. கோர் நிரப்பு விகிதத்தை 45 என்று வையுங்கள். இந்த பிளாக் இன்னொரு பெரிய சிப்புக்குள் மேக்ரோவாக (முடிந்த ஒரு துண்டாக) போவதென்றால் ரௌட்டிங்கின் மேல் எல்லையை மெட்டல் 4 என்று நிறுத்துங்கள். மெட்டல் 5 மேல்நிலை சிப்பின் மின் விநியோகத்துக்கு உரியது.

கட்டுப்பாட்டுக் கோப்பு, எஸ்டிசி, தனியாக எழுதத் தகுந்தது. கொடுக்காவிட்டால் கருவி தன்னிடமுள்ள பொதுவானதைப் பயன்படுத்தும்: உள்ளீடு, வெளியீடு தாமதம் பீரியடில் 20%, கிளாக் நிச்சயமின்மை 0.25 நானோ நொடி. முதல் ஓட்டத்துக்கு அது போதும். உங்களுடையதை எழுதும்போது மூன்றைக் கவனியுங்கள்.

முதலாவது, ஆர்எக்ஸ் போர்ட்டைப் பொய்ப் பாதையாக அறிவியுங்கள். அதன் வருகைக்கும் நம் கிளாக்குக்கும் உறவே இல்லை, அங்கே டைமிங் பார்ப்பது பொருளற்றது. ரீசெட் போர்ட்டிலிருந்து அதன் ஒத்திசைப்பு ஃப்ளாப்புகளுக்குப் போகும் பாதையும் அப்படியே. ஆனால் ஒத்திசைத்த பிறகு உள்ளே பரவும் ரீசெட்டைப் பொய்ப் பாதை ஆக்கிவிடாதீர்கள். அதற்கு ரெகவரி, ரிமூவல் சோதனைகள் (ரீசெட்டை விடும் கணம் கிளாக் விளிம்புக்கு மிக அருகில் விழவில்லை என்று பார்ப்பவை) அவசியம். போர்ட்டோடு நிறுத்தாமல் ரீசெட் வலை முழுவதையும் விலக்கிவிட்டு, அறிக்கை சுத்தமாக இருக்கிறதே என்று இருப்பவர்கள் உண்டு.

இரண்டாவது, நிச்சயமின்மையை செட்டப்புக்கும் (விளிம்புக்கு முன்பே தரவு வந்துசேர வேண்டிய நேரம்) ஹோல்டுக்கும் (விளிம்புக்குப் பிறகும் தரவு மாறாமல் நிற்க வேண்டிய நேரம்) தனித்தனியாகக் கொடுங்கள். ஜிட்டர் (கிளாக் விளிம்பின் நேர நடுக்கம்) ஒரு விளிம்புக்கும் அடுத்த விளிம்புக்கும் நடுவே வருவது, அதனால் அது செட்டப்பைத்தான் முக்கியமாகப் பாதிக்கும். ஹோல்ட் பார்ப்பது ஒரே விளிம்பை. ஹோல்டுக்கும் 0.25 என்று ஒரே எண்ணைக் கொடுத்தால் தேவையில்லாத தாமத பஃபர்கள் வரிசைகட்டும். செட்டப்புக்கு 0.25, ஹோல்டுக்கு 0.1 என்பது இந்த அளவு பிளாக்குக்கு நியாயமான தொடக்கம்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. கிளாக் ட்ரீ (கிளாக்கை எல்லா ஃப்ளாப்புக்கும் கொண்டுபோகும் பஃபர் வலை) கட்டி முடித்த பிறகு கிளாக்கை 'ப்ராப்பகேட்டட்' என்று அறிவிக்கும் கட்டளை உங்கள் எஸ்டிசியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டைமிங் கருவி கிளாக்கை இலட்சியக் கிளாக்காகவே, எல்லா ஃப்ளாப்பையும் ஒரே கணத்தில் அடைவதாகவே எண்ணிக்கொள்ளும். ஸ்கியூ பூஜ்யம், ஹோல்ட் மீறல் பூஜ்யம், எல்லாம் பச்சை. சிப் மட்டும் ஓடாது.

படி 5: சிந்தசிஸ்

யோசிஸ் வெரிலாக்கைப் பொதுவான கேட்டுகளாக்கி, ஃப்ளாப்புகளை நூலகத்தின் ஃப்ளாப்புகளோடு பொருத்தி, மிச்ச லாஜிக்கை ஏபிசியிடம் கொடுக்கும். பரப்பைக் குறைப்பதா, தாமதத்தைக் குறைப்பதா என்ற உத்தியை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். 20 நானோ நொடி என்பது இந்த ப்ராசஸில் தாராளமான நேரம், பரப்பு உத்தியே போதும்.

அறிக்கையில் முதலில் தேட வேண்டியது லேட்ச், அதாவது நாம் கேட்காமலே வந்துவிட்ட நினைவுச் செல். கூட்டு லாஜிக் பிளாக்கில் ஒரு கேஸின் ஏதோ ஒரு கிளையில் மதிப்புத் தர மறந்தால் லேட்ச் பிறக்கும். திருத்தம் வெரிலாக்கில்தான்: பிளாக்கின் தொடக்கத்திலேயே எல்லாவற்றுக்கும் இயல்பு மதிப்பு. அடுத்து ஃப்ளாப்புகளை எண்ணுங்கள். 188ஐ ஒட்டி எதிர்பார்த்தோம். 60 மட்டுமே வந்தால் ஃபிஃபோ காணாமல் போயிருக்கிறது. இன்னொன்று, டெஸ்ட்பெஞ்சுக்கு வசதியான இனிஷியல் பிளாக்கில் தொடக்க மதிப்பு கொடுக்கும் பழக்கம். எஃப்பிஜிஏவில் (மறுபடி மறுபடி நிரலிடக்கூடிய சிப்) அது வேலை செய்யும், சிப்பில் ஃப்ளாப் எந்த நிலையில் விழிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

படி 6: ஃப்ளோர்பிளானும் மின் விநியோகமும்

கோர் அளவு, பின்களின் இடம், டேப் செல்கள், மின் பட்டைகள் இந்தப் படியில் முடிவாகின்றன. இந்த நூலகத்தின் செல்களுக்குள் சப்ஸ்ட்ரேட் தொடர்பு கிடையாது. லேட்ச்-அப் (சிப்புக்குள் மின்வழங்கலுக்கும் தரைக்கும் நடுவே மூளும் ஷார்ட்) வராமல் இருக்க, சப்ஸ்ட்ரேட்டோடு இணைக்கும் தனி டேப் செல்கள் 13 மைக்ரான் இடைவெளியில் தாமாகவே வைக்கப்படும். அதில் கை வைக்க வேண்டாம்.

மின் பட்டைகளில் மட்டும் கை வைத்தாக வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் மெட்டல் 1இல் 0.48 மைக்ரான் அகலத் தண்டவாளம், அதற்குக் குறுக்கே மெட்டல் 4இல் 1.6 மைக்ரான் அகலச் செங்குத்துப் பட்டை. பட்டைகளின் இயல்பு இடைவெளி சுமார் 153 மைக்ரான். நம் கோரே 129தான். அதாவது ஓர் ஓரத்தில் ஒரே ஒரு ஜோடிப் பட்டை விழும், மறுகோடியிலுள்ள செல்களுக்கு நூறு மைக்ரானுக்கு மேல் மெல்லிய தண்டவாளத்தில்தான் மின்சாரம் போகும். இடைவெளியை 40 மைக்ரான் அளவுக்குக் குறையுங்கள். மூன்று ஜோடிகள் வரும். இன்னும் மிகச் சிறிய டிசைன்களில் பட்டை போட அகலம் போதவில்லை என்று பிடிஎன் 185 பிழையோடு ஓட்டமே நின்றுவிடும். அங்கேயும் மருந்து இதுதான், இடைவெளியையும் தொடக்கத் தள்ளலையும் குறைப்பது.

பின்களைக் கருவி தன் போக்கில் பரப்பிவிடும். ஃபிஃபோவின் எட்டு வெளியீடுகளையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வைக்கச் சொல்லி ஒரு பின் வரிசைக் கோப்பு கொடுத்தால் கம்பி நீளம் குறையும், மேல்நிலை இணைப்பும் எளிதாகும்.

படி 7: பிளேஸ்மென்ட்

நிரப்பு விகிதம், பிளேஸ்மென்ட் அடர்த்தி இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முந்தையது கோரின் அளவைத் தீர்மானிக்கிறது. பிந்தையது அந்தக் கோருக்குள் செல்களை எவ்வளவு நெருக்கமாகக் கூட்டலாம் என்பது. அடர்த்தி எப்போதும் நிரப்பு விகிதத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். 45க்கு 55 முதல் 60 வரை சரி. குறைவாகக் கொடுத்தால் ஜிபிஎல் 302 என்ற பிழை வந்து, அடர்த்தியை ஏற்று அல்லது கோரைப் பெரிதாக்கு என்று அதுவே சொல்லிவிடும். அடர்த்தியை மிக ஏற்றினால் செல்கள் ஒரு மூலையில் குவிந்து ரௌட்டிங்கில் நெரிசலாக வெடிக்கும்.

செல்களைச் சட்டப்படி வரிசையில் பொருத்தும்போது டிபிஎல் 36 என்று நின்றால் இடம் போதவில்லை என்று பொருள். இந்தப் பிழை கிளாக் ட்ரீ அல்லது ஹோல்ட் திருத்தத்துக்குப் பிறகு வருவதுதான் வழக்கம். பஃபர்கள் வந்து சேர்ந்து இடத்தைத் தின்றிருக்கும். கோரைப் பெரிதாக்குவதற்கு முன், அத்தனை பஃபர்கள் ஏன் வந்தன என்று பாருங்கள்.

படி 8: கிளாக் ட்ரீயும் ஹோல்டும்

இதுவரை கிளாக் ஒரு கற்பனை. இங்கேதான் 188 ஃப்ளாப்புகளுக்கும் பஃபர்கள் வழியாக உண்மையான கம்பி போகிறது. ஒவ்வொரு ஃப்ளாப்பையும் கிளாக் வெவ்வேறு நேரத்தில் அடையும், அந்த வித்தியாசம்தான் ஸ்கியூ.

செட்டப், ஹோல்ட் இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. செட்டப் மீறினால் தரவு தாமதமாக வருகிறது. சிப் வந்த பிறகும் கிளாக்கை 50இலிருந்து 40 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கித் தப்பிக்கலாம். ஹோல்ட் மீறினால் தரவு சீக்கிரமே வந்து, முந்தைய மதிப்பைப் பிடிப்பதற்குள் அடுத்தது மேலே விழுந்துவிடுகிறது. சமன்பாட்டில் கிளாக் பீரியடே கிடையாது: அனுப்பும் ஃப்ளாப்பின் தாமதமும் நடுவிலுள்ள லாஜிக்கின் தாமதமும் சேர்ந்து, பெறும் ஃப்ளாப்பின் ஹோல்ட் நேரத்தையும் ஸ்கியூவையும் தாண்ட வேண்டும், அவ்வளவே. ஒரு ஹெர்ட்ஸில் ஓட்டினாலும் அந்த சிப் தவறாகவே ஓடும். டேப்-அவுட் (ஃபவுண்டரிக்கு அனுப்புதல்) செய்ய ஒரே ஒரு ஹோல்ட் மீறல்கூட மிச்சமிருக்கக் கூடாது.

நம் டிசைனில் ஹோல்ட் எங்கே இடறும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஃப்ளாப்புக்கும் ஃப்ளாப்புக்கும் நடுவில் லாஜிக்கே இல்லாத இடங்களில்: வாங்கும் பக்கத்து ஷிஃப்ட் ரெஜிஸ்டர், இரண்டு ஒத்திசைப்புச் சங்கிலிகள். கருவி அங்கெல்லாம் தாமத செல்களைச் செருகித் திருத்தும். அது இயல்பு. ஆனால் திருத்தத்தில் நூற்றுக்கு மேல் பஃபர் செருகியதாகப் பதிவு சொன்னால், படி 4க்குத் திரும்பிப் போய் ஹோல்ட் நிச்சயமின்மையையும், கான்ஃபிக்கில் உள்ள ஹோல்ட் ஸ்லாக் மார்ஜினையும் (மிச்சமிருக்க வேண்டிய கூடுதல் நேரம்) பாருங்கள். மார்ஜின் 0.1 நானோ நொடி என்றால் போதுமானது, பயத்தில் 0.5 என்று ஏற்றி வைப்பவர்கள் பரப்பாலும் நெரிசலாலும் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

ஸ்கியூவே பெரிதாக இருந்தால் காரணம் பெரும்பாலும் ஃப்ளோர்பிளான்தான். நீளமாகவும் குறுகலாகவும் உள்ள கோர், அல்லது நடுவில் மேக்ரோ. வெரிலாக்கில் கிளாக்கை ஆண்ட் கேட் போட்டு நிறுத்தியிருந்தாலும் இதே கதிதான். அதற்கு ஃப்ளாப்பின் எனேபிளைப் பயன்படுத்துங்கள்.

படி 9: ரௌட்டிங்கும் ஆன்டெனாவும்

முதலில் குளோபல் ரௌட்டிங்: எந்தக் கம்பி எந்தப் பகுதி வழியே போகும் என்ற திட்டம். நெரிசல் தாங்காது என்றால் ஜிஆர்டி 118 பிழையோடு நிற்கும். நெரிசலை அனுமதிக்கச் சொல்லும் ஒரு மாறி உண்டு, அதைத் திறந்துவிட்டுக் கடந்துவிடத் தோன்றும். வேண்டாம். நெரிசல் அப்படியே டீட்டெயில்டு ரௌட்டிங்குக்குப் போய், மணிக்கணக்கில் ஓடி, டிஆர்சி (ஃபவுண்டரியின் லேயவுட் விதிச் சோதனை) மீறல்களோடு முடியும்.

நம் பிளாக்கில் நெரிசல் வருமானால் ஃபிஃபோவின் படிக்கும் மக்ஸைச் சுற்றித்தான். 128 கம்பிகள் எட்டாகச் சுருங்கும் இடம் அது. நிரப்பு விகிதத்தை 45இலிருந்து 40க்கு இறக்கிப் பாருங்கள். டீட்டெயில்டு ரௌட்டிங் ஒவ்வொரு சுற்றிலும் மீறல்களின் எண்ணிக்கையைக் காட்டும், 64 சுற்று வரை முயலும். ஆரோக்கியமான டிசைனில் முதல் சில சுற்றுகளிலேயே எண்ணிக்கை சரசரவென்று இறங்கிப் பூஜ்யத்தைத் தொடும். இருபதாவது சுற்றிலும் சில டஜன்களில் ஊசலாடிக்கொண்டிருந்தால் காத்திருப்பதில் பயனில்லை. நிறுத்திவிட்டு ஃப்ளோர்பிளானுக்குத் திரும்புங்கள்.

கம்பிகள் ஏன் மெட்டல் 1இலிருந்து தொடங்குகின்றன, உள்ளிணைப்பு அடுக்கு சும்மாதானே இருக்கிறது என்று கேட்கலாம். அதன் தகட்டு மின்தடை சதுரத்துக்கு 12.8 ஓம். மெட்டல் 1க்கு 0.125. நூறு மடங்கு. செல்லுக்குள் ஓரிரு மைக்ரானுக்குத்தான் அது உதவும்.

ஆன்டெனா பிழை புதியவர்களைக் குழப்பும், ஏனென்றால் வரைபடத்தில் எந்தத் தவறும் தெரியாது. மெட்டல் அடுக்குகள் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக உருவாகின்றன. மெட்டல் 2இல் ஒரு நீண்ட கம்பி ஒரு கேட்டின் உள்ளீட்டோடு சேர்ந்திருக்கிறது, அதை ஓட்டும் செல்லோடு இணைப்பதோ மெட்டல் 4 வழியாக. மெட்டல் 4 வரும்வரை அந்தக் கம்பிக்கு வெளியேறும் வழியில்லை. பிளாஸ்மா எட்சிங்கில் அது சேர்க்கும் மின்னேற்றம் கேட்டின் மெல்லிய ஆக்ஸைடைத் துளைத்துவிடலாம். அதனால்தான் கம்பியின் பரப்புக்கும் கேட்டின் பரப்புக்கும் உள்ள விகிதத்துக்கு வரம்பு. தீர்வு இரண்டு: கேட்டுக்கு அருகிலேயே கம்பியை மேலடுக்குக்கு ஏற்றி இறக்குவது, அல்லது கேட்டின் அருகில் ஒரு டயோடு செல். ஓட்டம் இரண்டையும் தானே செய்யும். முடிவில் ஓரிரண்டு மிஞ்சினால் ஆன்டெனா திருத்தச் சுற்றுகளைக் கூட்டுங்கள். எல்லா உள்ளீட்டிலும் டயோடு போட்டுவிடலாமே என்றால், ஒவ்வொன்றும் இடமும் பிடிக்கும், கம்பியின் சுமையையும் ஏற்றும்.

படி 10: இறுதிச் சரிபார்ப்பு

கம்பிகளின் உண்மையான மின்தடையையும் மின்தேக்கத்தையும் பிரித்தெடுத்து டைமிங் மறுபடி பார்க்கப்படுகிறது. மூன்று செல் கார்னர்கள் (தயாரிப்பு வேறுபாடு, வெப்பம், மின்னழுத்தம் சேர்ந்த நிலைகள்): டைப்பிக்கல், 25 டிகிரி, 1.8 வோல்ட்; ஸ்லோ, 100 டிகிரி, 1.6 வோல்ட்; ஃபாஸ்ட், மைனஸ் 40 டிகிரி, 1.95 வோல்ட். இவற்றோடு கம்பிக்கு மூன்று கார்னர்கள். மொத்தம் ஒன்பது. செட்டப்புக்கு ஸ்லோவையும் ஹோல்டுக்கு ஃபாஸ்டையும் முதலில் பாருங்கள், ஆனால் ஒன்பதையும் பார்க்காமல் மூடாதீர்கள்.

ஒரு பொறி: இயல்பு அமைப்பில் டைப்பிக்கல் கார்னரில் மீறல் வந்தால்தான் ஓட்டம் பிழை என்று நிற்கும். மற்றவற்றில் வெறும் எச்சரிக்கை. ஓட்டம் வெற்றி என்று முடிந்தும் ஸ்லோ கார்னரில் செட்டப் மீறல் இருக்கலாம். கார்னர் வாரியான சுருக்க அட்டவணையைத் திறந்து பாருங்கள், அல்லது எந்தக் கார்னர்களில் மீறினால் நிற்க வேண்டும் என்ற மாறியில் எல்லாவற்றையும் சேர்த்துவிடுங்கள். இரண்டாவதே நல்லது. ஸ்லூ (சிக்னல் ஏறி இறங்கும் நேரம்), மின்தேக்க மீறல்களும் இப்படித்தான் எச்சரிக்கையாகவே நின்றுவிடும். அவை வந்தால் அந்தக் கம்பியில் நூலகத்தின் அட்டவணைக்கு வெளியே டைமிங் கணக்கிடப்படுகிறது என்று பொருள், ஸ்லாக் எண்ணையே நம்ப முடியாது.

டிஆர்சியை மேஜிக்கும் கேலேயவுட்டும் தனித்தனியாகச் செய்கின்றன. இரண்டும் எழுதும் ஜிடிஎஸ் கோப்புகளை எக்ஸார் செய்து ஒப்பிடும் சோதனையும் உண்டு. வித்தியாசம் பூஜ்யமாக இருக்க வேண்டும். எல்விஎஸ்ஸில் நெட்ஜென் லேயவுட்டிலிருந்து எடுத்த சுற்றையும் நெட்லிஸ்ட்டையும் (செல்கள், இணைப்புகளின் பட்டியல்) ஒப்பிட்டு, சுற்றுகள் ஐயமின்றிப் பொருந்துகின்றன என்று சொல்ல வேண்டும். பொருந்தாவிட்டால் முதலில் நெட் எண்ணிக்கையைப் பாருங்கள். லேயவுட்டில் ஒன்று குறைந்தால் எங்கோ ஷார்ட், கூடினால் எங்கோ அறுந்திருக்கிறது. மேக்ரோ உள்ள டிசைன்களில் பெரும்பாலும் மின் பின்னின் பெயர்தான் குற்றவாளி: ஓரிடத்தில் ஒரு பெயர், மேல்நிலையில் இன்னொரு பெயர்.

படி 11: கேட் நிலை சிமுலேஷன்

இறுதி நெட்லிஸ்ட்டை அதே டெஸ்ட்பெஞ்சில், செல் மாதிரிகளோடு, ஐகாரஸ் என்ற சிமுலேட்டரில் ஓட்டுங்கள். செல் மாதிரிகளுக்கு ஃபங்ஷனல் என்ற டிஃபைனும், யூனிட் டிலே என்ற டிஃபைனும் கொடுக்க வேண்டும். மறந்தால் தொகுப்புப் பிழைகள் கொட்டும். மின் பின்கள் உள்ள நெட்லிஸ்ட் என்றால் அவற்றுக்கு 1, 0 கொடுக்க மறக்காதீர்கள். எல்லாமே எக்ஸ் (தெரியாத மதிப்பு) ஆக வந்தால் அதுதான் காரணம்.

ஃபிஃபோ நினைவுக்கு ரீசெட் வைக்கவில்லை என்பதால் தொடக்கத்தில் அங்கே எக்ஸ் இருப்பது சரிதான். ஃபிஃபோ காலி என்று சொல்லும்போது வெளியீட்டிலும் எக்ஸ் இருக்கலாம். ஆனால் அந்த எக்ஸ் காலிக்கொடியிலோ பாயிண்டரிலோ நுழைந்தால் ரீசெட் விட்டுப்போன ஒரு ஃப்ளாப் இருக்கிறது. ஆர்டிஎல் சிமுலேஷன் இனிஷியல் மதிப்பால் மறைத்துவைத்த குட்டு இங்கேதான் உடையும்.

படி 12: எங்கே அனுப்புவது

நம்மைப் போன்றவர்கள் ஒரு முழு வேஃபரைத் தனியாக வாங்குவதில்லை. பலரது டிசைன்களைச் சேர்த்து அனுப்பும் ஷட்டில்களே வழி. மேட் வென் தொடங்கிய டைனி டேப்-அவுட்டில் ஒரு ஸ்கை130 டைல் சுமார் 160க்கு 100 மைக்ரான், அதாவது 16,000 சதுர மைக்ரான். நம் 7500 அதில் 47%. ஒரே டைலில் அடங்கும். ஆனால் அங்கே கோர் அளவைக் கருவி தீர்மானிக்காது. டைலின் அளவும் பின்களின் இடமும் முன்பே நிலையாகத் தரப்படும், மின் பட்டை அமைப்பும் அவர்களுடையதே. ஆகவே படி 6இல் நீங்கள் செய்த மாற்றங்களை அப்படியே கொண்டுபோக முடியாது. உள்ளீடு எட்டு, வெளியீடு எட்டு, இருதிசைப் பின் எட்டு. ஃபிஃபோவின் தரவு எட்டு வெளியீட்டையும் எடுத்துக்கொள்ளும், டிஎக்ஸும் (அனுப்பும் சிக்னல்) கொடிகளும் இருதிசைப் பின்களுக்குப் போக வேண்டும்.

ஷட்டில் எந்த ப்ராசஸுக்கு என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் ஆன் டெர் ஓடரில் உள்ள ஐஹெச்பியின் 130 நானோமீட்டர் திறந்த பிடிகேயிலும் இதே ஓட்டம் ஓடும். ஆனால் அங்கே கோர் 1.2 வோல்ட், செல்களின் அளவும் வேறு. 130 என்ற எண் ஒன்றாக இருப்பதை நம்பி இங்கே போட்ட பரப்பளவுக் கணக்கை அங்கே எடுத்துப் போகாதீர்கள். படி 3ஐ அந்த நூலகத்தின் எண்களோடு மறுபடி போடுங்கள்.

அனுப்பும் நாளில் ஜிடிஎஸ்ஸோடு சேர்த்து, இறுதி நெட்லிஸ்ட், எஸ்டிசி, கான்ஃபிக், பிடிகேயின் பதிப்பு ஹேஷ், லிப்ரலேனின் பதிப்பு எண் ஆகியவற்றை ஒரே கிட் டேக்கில் பூட்டி வையுங்கள். சிப் கைக்கு வர மாதங்கள் ஆகும். அதற்குள் கருவிகள் மாறியிருக்கும், அதே வெரிலாக்கைப் புதிய பதிப்பில் ஓட்டினால் வேறொரு நெட்லிஸ்ட்தான் வரும். சோதனை மேசையில் ஒரு பிட் தவறும்போது, அந்த சிப்பில் உண்மையில் பதிந்திருக்கும் நெட்லிஸ்ட்டைத் திறந்தால்தான் எந்த ஃப்ளாப் என்று தேட முடியும்.